கூட வந்தவர் சொல்வது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஆர்டர் வந்தது.

ஆர்டர் கொடுத்தவர் என் அண்ணன். போன மாதம் கடையின் பின்னறையில், கீல் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மடிப்பு மடிப்பாக ஒரு நீளமான தாள். ஏழு வருடத்துக்கு முன் அவருக்குப் போட்ட ஊசியின் பெட்டிக்குள் இருந்த விவரச் சீட்டு. அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்ததாம்.

"படி. இந்த இடத்துல படி."

படித்தேன். மனச்சோர்வு, எரிச்சல், ஆக்ரோஷம், தற்கொலை எண்ணம். பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது.

"பாத்தியா? அச்சுல இருக்கு. அன்னிக்கிப் பேசுனது நான் இல்ல, மருந்து. நீதான் எழுதுறவனாச்சே. இதை ஒரு கதையா எழுதிக் குடு. உங்க அண்ணிக்கு அனுப்பலாம்."

"இந்தச் சீட்டையே அனுப்பிடலாமே?"

"சீட்டு எல்லாருக்கும் பொதுவா எழுதினது. எனக்குன்னு எழுதணும்."

"எவ்ளோ பெருசு வேணும்?"

"அவ நம்புற அளவுக்கு."

அளவு சொல்லித்தான் ஆர்டர் கொடுப்பார். நாங்கள் தாழ்ப்பாள், கீல், கைப்பிடி மொத்த வியாபாரம். எங்கள் வீட்டில் நடை பழகுவதற்கு முன்பே பேரம் பழகிவிடுவோம். அதற்கு ஒரு விதி உண்டு: வாங்கும்போது மனதில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சொல், விற்கும்போது மூன்று பங்காகச் சொல். இது கடைக்கு மட்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் சாப்பாடு, காய்ச்சல், பாசம் எல்லாவற்றிலும் இதே விதிதான். பசிக்கிறதா என்று கேட்டால் "கொஞ்சம்" என்போம். அம்மா மூன்றால் பெருக்கிப் பரிமாறுவார்.

நீங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக முழுச் சரக்கையும் இப்போதே இறக்கிவிடுகிறேன். அண்ணனுக்குக் கல்லீரலில் வைரஸ், ஹெபடைடிஸ் சி. வாரம் ஒரு ஊசி வீதம் நாற்பத்தெட்டு வாரம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. ஊசி போட்டது அண்ணி. முப்பத்தோராவது வாரம் அண்ணன் அண்ணியைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகும் மிச்சமிருந்த பதினேழு ஊசிகளையும் போட்டு முடித்துவிட்டு அண்ணி போய்விட்டார். அண்ணனின் நோயும் போய்விட்டது. ஏழு வருடம். அண்ணி திரும்பவில்லை.

கதை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் பேரம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் காட்டுகிறேன். எங்கள் கடையில் மூன்று மாதிரி எடுத்துப்போட்டு, நடுவில் இருப்பதை எடுக்க வைப்போம்.

தொடக்கம் அ: "ஒரு வைரஸ் உள்ளே புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த உயிரணு ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. தன் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது. பக்கத்து வீடுகளுக்குச் சேதி சொல்வதற்காக. கதவைச் சாத்துங்கள், தாழ்ப்பாள் போடுங்கள், திருடன் தெருவுக்குள் வந்துவிட்டான். அந்தச் சேதியின் பெயர் இன்டர்ஃபெரான். சளிக்காய்ச்சலில் உடம்பு முறுக்கி வலிக்கிறதே, அது திருடன் அடித்த வலி இல்லை. பாதிக்குமேல் ஊர் முழுக்கக் கதவு சாத்துகிற வலி."

(தாழ்ப்பாள் வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான புரதம் கிடைக்காது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். ரொம்பப் பளபளப்பாக இருக்கும் கைப்பிடியைச் சுரண்டிப்பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உள்ளே பித்தளை இருக்காது.)

தொடக்கம் ஆ: "ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் அடுக்கில், முட்டைகளைத் தள்ளிவிட்டு நான்கு ஊசிகள் படுத்திருந்தன. சனிக்கிழமை மாலை அண்ணி அவற்றில் ஒன்றை எடுத்து, குளிர் போவதற்காக அரைமணி நேரம் தன் உள்ளங்கைகளுக்குள்"

(இதை நிறுத்திவிட்டேன். இந்த வேகத்தில் போனால் படிப்பவர்கள் அண்ணி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆர்டர் கொடுத்தவர் அண்ணன்.)

தொடக்கம் இ: "அந்த முதல் வாக்கியத்தை அண்ணன் சொன்னபோது, எனக்கு"

(இல்லை. இப்போது வேண்டாம்.)

3

டாக்டரிடம் அண்ணன் பேசிய முதல் பேச்சே பேரம்தான்.

"நாப்பத்தெட்டு வாரமா? நாப்பதுல முடிச்சுக்கலாமே டாக்டர்."

"இது துணி இல்லைங்க, கிழிச்சுக் குடுக்க."

"நாங்களும் துணி இல்லைங்க, தாழ்ப்பாள். சரி, பலன் எப்படி?"

"இதையும் போட்டு, தினமும் மாத்திரையும் எடுத்தா, உங்க வகை வைரஸுக்கு நூறு பேருல பாதிப் பேருக்குச் சரியாகும்."

"அந்தப் பாதியில நம்மளச் சேத்துக்கங்க."

டாக்டர் சிரித்தார். வியாபாரி சிரிக்க வைத்தால் ஏதோ எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம். பாவம், டாக்டருக்கு அது தெரியாது.*

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரத்தம் எடுத்த பிறகு நர்ஸ் ஒரு தாளை எடுப்பார். களைப்பு, தூக்கம், கோபம், துக்கம், வாழப் பிடிக்காமை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றின் தலையில் "நோயாளி சொல்வது". மற்றதில் "கூட வந்தவர் சொல்வது".

கூட வந்தவன் நான்.

ஏழாவது மாதம் நடந்தது இது.

"கோபம் எவ்ளோ வருது?" என்று நர்ஸ் கேட்டார்.

"ரெண்டு," என்றார் அண்ணன்.

"துக்கம்?"

"அதுவும் ரெண்டு."

"வாழவே பிடிக்கலன்னு தோணுதா?"

"அதுக்கும் ரெண்டு போட்டுக்கங்க சிஸ்டர். ஒரே ரேட்டா இருந்தா உங்களுக்கும் எழுதச் சுலபம்."

நர்ஸ் சிரித்துவிட்டு, பேனாவை நிறுத்தி, நிதானமாகச் சொன்னார்: "விளையாட்டு இல்லங்க. இந்த மருந்து மனசக் குடையும். ஆறுக்கு மேல போனா மறைக்காம சொல்லணும். அதுக்குத் தனி மாத்திரை இருக்கு. ரொம்பப் போனா டாக்டர் டோஸக் குறைப்பாரு."

இத்தனை சொற்களில் என் அண்ணன் காதில் விழுந்தது "குறைப்பாரு" மட்டும்தான். சரக்கைக் குறைத்தால் பலனும் குறையும்; பாதியிலிருந்து கால் பங்குக்குப் போய்விடும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "கூட வந்தவர் என்ன சொல்றீங்க?"

அந்த வாரம் அண்ணன் குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதிருந்தார். ஒரு பித்தளைக் கைப்பிடியைச் சுவரில் எறிந்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, "நாளைக்கு எந்திரிக்கலன்னா நல்லாயிருக்கும்டா," என்று வானிலை சொல்வதுபோலச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு ரெண்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றால் பெருக்கினால் ஆறு. ஆறு என்றாலும் குறைத்துச் சொன்னதுதான்.

மேசைக்கு அடியில் அண்ணனின் செருப்பு என் பாதத்தை அழுத்தியது. கடையில் அதற்கு ஒரே அர்த்தம்: இதோடு நில், மேலே போகாதே.

"ரெண்டு," என்றேன்.

நர்ஸ் எழுதிக்கொண்டார்.

* பேரத்தில் அண்ணன் ஏமாந்தது வேறு இடத்தில். எங்கள் நாற்பத்தெட்டு வாரம் முடிந்து அதிக காலம் ஆவதற்குள், பன்னிரண்டு வாரம் மாத்திரை மட்டும் விழுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் சரியாகிவிடும் என்று புதுச் சரக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, குடைச்சல் இல்லை. இன்டர்ஃபெரான் அந்த நோய்க்கான அலமாரியிலிருந்து ஏறக்குறைய காணாமல்போனது. சந்தையை விட்டுப் போகப்போகிற பழைய சரக்கை முழு விலைக்கு வாங்கிய கடைசி வாடிக்கையாளர்களில் நாங்களும் உண்டு. இதை அண்ணனிடம் யாரும் சொல்ல வேண்டாம். தெரியும். தெரிந்ததிலிருந்து கடையில் பழைய சரக்கு விற்பதில்லை.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அண்ணி.

நான்கு முறை எழுதிப்பார்த்தேன். நான்கு முறையும் ரொம்ப நல்லவராக வந்துவிடுகிறார். கதையில் இப்படி ஒருவர் வந்தால், படிப்பவர்கள் மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு அயோக்கியர்களைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆகவே, குறைகள்: சமைக்கும்போது பேசமாட்டார். யாராவது பாடினால் எழுந்து போய்விடுவார். பொய் சொன்னால் சண்டை போடமாட்டார், பெயர் மறந்ததுபோல ஒரு பார்வை பார்ப்பார். இதுதான் தாங்காது.

அவருடைய அப்பா லாரி எடைமேடை வைத்திருந்தவர். லாரி ஏறி நிற்கும், முள் காட்டுவதைச் சத்தமாகப் படிப்பார், இறங்கிப் போகும். அங்கே பேரம் கிடையாது. அந்த வீட்டில் வளர்ந்தவர் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கீல் கடைசியா என்னம்மா?" என்று ஒரு மேஸ்திரி கேட்டார்.

"மொதல்ல சொன்னதுதான் கடைசி."

மேஸ்திரி குழம்பிப்போய் அண்ணனைப் பார்த்தார். "என்ன முதலாளி, வீட்டுல ஏதும் கோபமா?"

"கோபம் இல்லப்பா. அவங்க ஊருல அப்படித்தான் பேசுவாங்க," என்று சொல்லி அண்ணன் ஏதோ குறைத்துக் கொடுத்தார். மேஸ்திரி போனதும் அண்ணி கேட்டார், "குறைக்கிறதா இருந்தா மொதல்லயே குறைச்சுச் சொல்லலாமே?" அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மதம் மாறச் சொன்னதுபோல இருந்தது.

அந்த மருத்துவமனைத் தாளில் இவர் எண் சொல்லியிருந்தால் முள் காட்டுவதைச் சொல்லியிருப்பார். "எட்டு" என்றால் எட்டு. ஆனால் ஒரு மாதம்கூட அண்ணன் அவரை அழைத்துப் போகவில்லை. "அவ கடையப் பாத்துக்கட்டும். நீ வா," என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. தன் ரேட்டுக்கே பொய் சொல்லும் ஆளைத்தான் கூட்டிப்போனார் என்பது புரிய நாளாயிற்று.

5

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன்.

முப்பத்தோராவது வாரம், சனிக்கிழமை மாலை. வீடு கடைக்கு மேலேதான். கூடத்தில் அண்ணன் நாற்காலியில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடி கொட்டி, வயிறு ஒட்டி, மேலே பார்த்தபடி. ஞாயிறு முழுக்கக் காய்ச்சலில் கிடக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை ஊசி. நான் ஜன்னல் ஓரம் செய்தித்தாள் வைத்திருக்கிறேன். படிக்கவில்லை.

அண்ணி பஞ்சால் துடைத்தார். தோலைக் கிள்ளிப் பிடித்தார். ஊசி இறங்கியது; மருந்து போயிற்று; பத்து எண்ணினார்; எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு சொட்டு மருந்து திரும்பி வந்து நின்றது. ரத்தம்கூட இல்லை, தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. அப்படி ஒரு சொட்டு வருவது சகஜம், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்.

அண்ணன் குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மருந்தின் தலையில் போடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன் கை பட்டா எதுவுமே தங்காது."

அதன் பிறகு,

"ரெண்டு புள்ளையும் அப்படித்தான் போச்சு."

(அண்ணிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. ஒன்று மூன்றாம் மாதம். ஒன்று ஐந்தாம் மாதம். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சரக்கில் இருக்கும் கீறலைக் கடைசியில் காட்டுவது எங்கள் பழக்கம்.)

அண்ணி அந்தச் சொட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். ஊசியை அதற்கென்று வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். உள்ளே போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். குழாய் நிற்கும் வரை அண்ணன் சட்டையை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு சனிக்கிழமைகள். கிள்ளு, குத்து, பத்து எண்ணு, எடு. அந்தப் பத்து எண்களைத் தவிர அந்த நாற்காலிக்கு முன்னால் அண்ணி வேறு பேசவில்லை. நாற்பத்தெட்டாவது ஊசியை டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, டேப் ஒட்டி, என் கையில் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரில சேத்துடுங்க தம்பி. குப்பையில போட்டுடாதீங்க, யாராவது கையக் குத்திக்குவாங்க."

பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்.

6

மருந்து நிறுத்தி ஆறு மாதம் கழித்துக் கடைசி ரத்தப் பரிசோதனை. முடிவை வாங்க நான் மட்டும் போனேன். வைரஸ் இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். வழியில், மூட்டு நோய்ப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

முதலில் வெயிலில் வந்தவர் என்றுதான் நினைத்தேன். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் சிவப்பு. விரல்கள் வீங்கி, மோதிரத்தைக் கழற்றியிருந்தார்.

"சரியாயிடுச்சா அவருக்கு?"

"ஆயிடுச்சு அண்ணி."

"நல்லது." நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். "எனக்கு என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கலாம்னுதான்..."

"லூபஸாம். ஒடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சுக்குமாம். டாக்டரு படம் போட்டுக் காட்டினாரு. எதுனாலன்னு கேட்டேன். காரணம் நிறைய இருக்கும்மா, அதுல முக்கியமான ஒண்ணு பேரு இதுன்னு சொன்னாரு." சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "வாராவாரம் குத்துனனே, அதே சாமான். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. என் ஒடம்பு தானா ஊத்துதாம். வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா ஊத்துதாம்."

பையிலிருந்த தாளை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"உங்க அண்ணனுக்கு ஃபிரிட்ஜுல வச்சு, பயந்து பயந்து எடுத்துக் குடுத்தேன். எனக்கு உள்ளயே தொழிற்சாலை இருந்திருக்கு தம்பி. சொல்லியிருந்தா அவருக்குக் கொஞ்சம் இறைச்சுக் குடுத்திருப்பேன்."

அண்ணி ஜோக் அடித்து நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

"அந்த ரெண்டு புள்ளையும் போனதுக்கு இதுதான் காரணமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இருக்கலாம்னாரு. இந்த நோய் உள்ளவங்களுக்கு அப்படிப் போறதுண்டு, அப்பவே இருந்துச்சான்னு இப்பச் சொல்ல முடியாதுன்னாரு. இருக்கலாம்." அந்தச் சொல்லை எடைபோடுவதுபோலத் திரும்பச் சொன்னார். "கை இல்ல தம்பி. கை இல்லன்னு ஆயிடுச்சு. அது போதும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தவர் நின்று சொன்னார்:

"அவருகிட்டச் சொல்ல வேணாம். சொன்னா வந்து நிப்பாரு. பாவம்னு வந்து நிக்கிறவர வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான் சொல்லவில்லை. ஏழு வருடம். வாக்குக் காப்பாற்றினேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

 ஒரே பொருள். வைரஸ் பிடித்தவனுக்கு ஊற்றினால் வைரஸ் போகிறது, போகிற வழியில் மனதைக் குடைகிறது. வைரஸே இல்லாத உடம்பில் அது ஓயாமல் ஊறினால், திருடனே இல்லாத தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களையே அடிக்கத் தொடங்குகிறார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரு நாற்காலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இது இருந்தது என்று கற்பனையாக எழுதியிருந்தால், நானே அடித்து நீக்கியிருப்பேன். நடந்துவிட்டதால் வைத்திருக்கிறேன்.

7

முடிவுகளைப் பார்க்கலாம். மறுபடியும் மூன்று மாதிரி.

முதல் முடிவு: அண்ணி கதையைப் படிக்கிறார். மருந்துதான் பேசியது என்று புரிகிறது. கடை ஷட்டருக்கு முன்னால் ஆட்டோ வந்து நிற்கிறது. (அண்ணன் கேட்ட சரக்கு இதுதான். ஆர்டர்படி கொடுத்துவிடலாம். ஒரு வாரம்கூட உழைக்காது.)

இரண்டாம் முடிவு: அண்ணன் ஆறாம் பகுதியைப் படிக்கிறார். எடைமேடைக்கு ஓடுகிறார். அப்பாவுக்குப் பிறகு அண்ணிதான் அங்கே எண் படிக்கிறார். அவர் முன்னால் போய் நின்று (இல்லை. இதைத்தானே வேண்டாம் என்றார்.)

மூன்றாம் முடிவு: மருந்துக்குத் தண்டனை. மருந்து என்ன செய்யும் என்று படித்துப் பார்த்தேன். தூக்கத்தைக் கெடுக்கும். பொறுமையை அரிக்கும். இருட்டை நாற்காலி போட்டு உட்கார வைக்கும். வாய்க்கும் மனதுக்கும் நடுவே இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடும். ஆனால் வாக்கியம்? மருந்துக்குச் சொல் தெரியாது. உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான் அது வெளியே விட முடியும்.

அப்படியென்றால் அந்த வாக்கியத்தை உள்ளே வைத்தது யார்?

தொடக்கம் இ-யை இப்போது முடிக்கிறேன்.

"அந்த முதல் வாக்கியத்தை அண்ணன் சொன்னபோது, எனக்கு அது என்னுடையது என்று தெரிந்தது."

அதற்கு ஆறு வருடத்துக்கு முன்னால். இரண்டாவது குழந்தை போய் ஒரு மாதம் இருக்கும். அண்ணி பின்பக்க பால்கனியில் நான்கு தொட்டிகளில் செடி வைத்தார். கீழே கடையிலிருந்து பெயின்ட் தின்னர் வாடை எந்நேரமும் ஏறும்; நான்கும் கருகின. அண்ணனும் நானும் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளாக அண்ணன் சிரிக்கவில்லை. நான் தொட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"அண்ணி கை பட்டா எதுவுமே தங்காது போல."

யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. யோசித்துத்தான் சொன்னேன். சிரிப்பு வருமா என்று யோசித்தேன். வந்தது. அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு என் பின்மண்டையில் லேசாகத் தட்டி, "போடா," என்றார். அவ்வளவுதான். நல்ல வாக்கியம் என்று எனக்குள் ஒரு திருப்தி. நல்ல வாக்கியம் தங்கும். ஆறு வருடம் அண்ணனுக்குள் தங்கியிருந்து, மருந்து தாழ்ப்பாளைக் கழற்றிய அன்று என் பெயர் இல்லாமல் வெளியே வந்தது.

ஜன்னல் ஓரம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன் என்று சொன்னேனே. அண்ணனை எதிர்த்து அன்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எழுதியவனுக்குத் தன் வரி அடுத்தவர் வாயில் கேட்கும்போது முதலில் வருவது வெட்கம் இல்லை. அடையாளம் தெரிகிற சந்தோஷம். ஒரு கணம்தான். ஆனால் வந்தது. இந்தக் கதையில் மூன்றால் பெருக்க வேண்டாத வரி அது ஒன்றுதான்.

இரண்டாவது வாக்கியம் அண்ணனுடையதா, மருந்தினுடையதா? எனக்குத் தெரியாது. முதலாவதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

8

இதுவரை படித்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். இனி நான் பேசவேண்டியவர் ஒருவர்தான்.

அண்ணி,

இதை முதலில் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். அண்ணனுக்கு இன்னும் காட்டவில்லை. "ஆர்டர் என்னாச்சுடா?" என்று தினமும் கேட்கிறார். பாக்கிங்கில் இருக்கிறது என்கிறேன்.

மருந்துதான் பேசியது என்று எழுதச் சொன்னார். மருந்துக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்தத் தாளில் நான் சொன்ன "ரெண்டு"க்கு ஒரு பங்கு. அன்று உண்மை எண்ணைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேறு மாத்திரை கிடைத்திருக்கும். அந்தச் சனிக்கிழமை வராமலே போயிருக்கலாம். பால்கனியில் சொன்ன ஜோக்குக்கு ஒரு பங்கு. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வராது. நான் குறைத்துத்தான் சொல்வேன்.

ஆறாம் பகுதி உங்களுடையது. வேண்டாம் என்றால் கிழித்துவிட்டு மீதியை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். அண்ணன் கையிலும் அச்சிலும் அது இல்லாமல்தான் போகும். ஏழாம் பகுதியைக் கிழிக்க வேண்டாம். அதை அவர் படிக்கட்டும்.

(மற்றவர்களுக்கு: ஆறாம் பகுதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்றால், அவர் கிழிக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அர்த்தம் சொன்னவர்கள் எல்லாம் ஏமாற்றியவர்கள்.)

கீழே அந்த மருத்துவமனைத் தாளை நினைவிலிருந்து வரைந்திருக்கிறேன். பதினோரு மாதம் அந்த நாற்காலிக்குக் கூடவே இருந்த உங்களை ஒரு மாதம்கூட யாரும் கேட்கவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். மன்னிப்பு என்று தனியாக ஒரு கேள்வி அதில் கிடையாது, நானும் சேர்க்கவில்லை. முள் காட்டுவதைப் போட்டால் போதும். போடாமல் விட்டால் விட்டபடியே அச்சாகும்.

களைப்பு. நோயாளி சொல்வது: 2. கூட வந்தவர் சொல்வது: [  ]

கோபம். நோயாளி சொல்வது: 2. கூட வந்தவர் சொல்வது: [  ]

துக்கம். நோயாளி சொல்வது: 2. கூட வந்தவர் சொல்வது: [  ]